கையேட்டை யார் எழுதுவது? சிவகாசி அச்சகங்களும் கட்டற்ற மென்பொருளும்

1922-ல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனது தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள. அங்கே பார்த்துப் பழகித் திரும்பியவர்கள் ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. பட்டாசும் வந்து சேர்ந்துகொண்டது. நூறு ஆண்டு கழித்துப் பார்த்தால், சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் உட்பட அந்த வட்டாரமே இந்த மூன்று தொழில்களின் பின்னல். பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி லேபிள், நாள்காட்டி, டைரி, நோட்டு அட்டை என எதைக் கையில் எடுத்தாலும், அது ஏதோ ஒரு கணினித் திரையில் உருவாகி, பிளேட்டுக்குப் போய், ஆப்செட் எந்திரத்தில் ஏறி வந்ததாகத்தான் இருக்கும்.

அந்தக் கணினி வேலை இன்றும் 1922-ல் நடந்த மாதிரியே கற்றுக்கொள்ளப்படுகிறது. டி.டி.பி. படிக்க வரும் பையன், வேலை தெரிந்த அண்ணன் பக்கத்தில் உட்காருகிறான். கை எங்கே போகிறது, எந்த விசை அழுத்தப்படுகிறது என்று பார்க்கிறான். சில மாதங்களில் சின்ன ஜாப்களைத் தனியாகச் செய்யத் தொடங்குகிறான். இதில் தேர்ச்சி நிச்சயம் வரும். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்த மென்பொருள் எதுவோ அது மட்டுமே கைமாறும். காசு கொடுத்து வாங்க வேண்டிய வரைகலை மென்பொருளான கோரல்டிரா தெரிந்தவரிடமிருந்து கோரல்டிராதான் வரும்.

படம் வரையும் இன்க்ஸ்கேப், பக்கம் வடிவமைக்கும் ஸ்க்ரைபஸ், ஒளிப்படம் திருத்தும் கிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருள்களை யாரும் காசு கொடுக்காமல் நிறுவிக்கொள்ளலாம். இருந்தும் அச்சகங்களுக்குள் அவை ஏன் நுழையவில்லை என்று கேட்டால், வசதிகள் போதாது என்பதுதான் வழக்கமான பதில். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம், அவற்றைச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை என்பது. ஆள் இல்லாத இடத்தில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது கையேடு. அந்தக் கையேடு தமிழில் அச்சக மேசைக்காக இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுத நிரலாளர் வரத் தேவையில்லை, அச்சுத் தொழிலாளியின் அனுபவத்திலிருந்தே அது தொடங்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எழுதப்படாத பாதி

ஆவணக் குறை தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2017-ல் கிட்ஹப் நிறுவனம் திறமூல மென்பொருள் உலகில் நடத்திய கணக்கெடுப்பில் சுமார் 5,500 பேர் பதில் சொன்னார்கள். ஆவணங்கள் அரைகுறையாகவோ பழையதாகவோ இருப்பதைச் சந்தித்ததாக 93 விழுக்காட்டினர் கூறினார்கள். அதே கணக்கெடுப்பில், பங்களிப்பவர்களில் 60 விழுக்காட்டினர் தாங்கள் ஆவணங்களுக்கு அரிதாகவே பங்களிப்பதாக, அல்லது பங்களிப்பதே இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். குறை எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதைச் சரிசெய்யும் கைகள் குறைவு. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஆங்கிலம் மிகச் சரளமில்லை என்பதும் அதில் வெளிவந்தது. கணினித் துறைக்குள்ளேயே நிலைமை இப்படி என்றால், அதற்கு வெளியே நிற்கும் அச்சகத் தொழிலாளிக்கு எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம்.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் இந்தக் குறையைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. லினக்ஸ் பிறந்த மறு ஆண்டே, 1992-ல், லினக்ஸ் ஆவணத் திட்டம் தொடங்கியது. 'எப்படிச் செய்வது' என்ற வகைச் சிறு கையேடுகளைத் தன்னார்வலர்கள் எழுதிக் குவித்தார்கள். கட்டற்ற இயங்குதளங்களின் மிகப் பெரிய பற்றாக்குறை நல்ல கட்டற்ற கையேடுகள்தான் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் வாதிட்டார். நிரலுக்கு உரிமம் இருப்பதுபோல் கையேட்டுக்கும் வேண்டும் என்று 2000-ல் குனு கட்டற்ற ஆவண உரிமம் வெளிவந்தது.

ஆனாலும் நிரல் எழுதுபவரே கையேடும் எழுதும்போது ஒரு சிக்கல் வருகிறது. தனக்குத் தெரிந்ததை அவர் வரிசையாக அடுக்குகிறார்: இந்தப் பட்டியில் இந்தக் கட்டளை, அந்தக் கட்டளைக்கு இத்தனை விருப்பங்கள். பயனர் கேட்பதோ வேறு. அவருக்கு ஒரு வேலை முடிய வேண்டும்.

டேனியேல் புரோசிடா வகுத்த, ஆவணம் எழுதுவோரிடையே இன்று செல்வாக்குப் பெற்ற 'டயாடாக்சிஸ்' என்ற முறை ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: கைப்பிடித்துக் கற்றுத்தரும் பாடம், குறிப்பிட்ட வேலையை முடிக்க உதவும் வழிகாட்டி, தேடிப் பார்க்கும் தகவல் தொகுப்பு, காரணத்தை விளக்கும் உரை. நான்கையும் ஒன்றாகக் குழப்பினால் எதுவும் உதவாது. சிவகாசிக்காரருக்கு இந்தப் பிரிவு புதிதாக இருக்காது. திறந்த வெளியில் வை, கை நீட்டிப் பற்றவை, உடனே விலகு, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள் என்று பட்டாசுப் பெட்டியின் மேல் அச்சாகும் சில வரிகள், திரியைப் பற்றவைக்கப் போகிறவருக்கானவை. உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் விளக்கத்தை அங்கே யாரும் அச்சிடுவதில்லை. அது வேறொருவருக்கு, வேறொரு தாளில் எழுதப்பட வேண்டியது.

ஐ.பி.எம். ஆய்வாளராக இருந்த ஜான் கரோல் 1980-களில் சொல்செயலி கற்கும் அலுவலக ஊழியர்களை உற்றுக் கவனித்தார். யாரும் கையேட்டை முதலில் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை. நேரே இறங்குகிறார்கள், தவறு செய்கிறார்கள், அதிலிருந்து மீள வழி தேடுகிறார்கள். ஆகவே கையேடு சுருக்கமாக இருக்க வேண்டும், உண்மையான வேலையில் தொடங்க வேண்டும், தவறு நேர்ந்தால் எப்படி மீள்வது என்பதைச் சொல்ல வேண்டும் என்று 1990-ல் வெளிவந்த நூலில் முடிவுரைத்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும், பெரும்பாலான மென்பொருள் கையேடுகள் இந்த மூன்றில் கடைசியை மறந்தே எழுதப்படுகின்றன.

தமிழில் இதுவரை

தமிழில் இந்தத் துறை வெறுமையாக இல்லை. எழுத்துரு, விசைப்பலகை, அச்சு ஆகியவற்றை லினக்ஸில் அமைப்பது குறித்த தமிழ் லினக்ஸ் கையேடு ஒன்று லினக்ஸ் ஆவணத் திட்டத்திலேயே இடம்பெற்றது. 2012 ஜனவரியில் த. சீனிவாசன் தொடங்கிய 'கணியம்' இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைப் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் தமிழில் தொடர்ந்து வெளியிட்டுவருகிறது. அதன் வழியே வந்த து. நித்யாவின் 'எளிய தமிழில் மை எஸ்.க்யூ.எல்.' போன்ற நூல்கள், ஆங்கிலம் தயங்கவைத்த பலரைத் தரவுத்தளம் வரை கொண்டுபோயின. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், கட்டற்ற மென்பொருள்களுக்குச் சுமார் பத்து நிமிடப் பாடங்களைத் தயாரித்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் சேர்த்தது. அதன் இன்க்ஸ்கேப் வரிசையில் விசிட்டிங் கார்டு, மூன்று மடிப்புத் துண்டறிக்கை போன்ற பாடங்களும் உண்டு. அச்சகத்துக்கு மிக நெருங்கி வந்தவை இவைதான்.

பள்ளிப் பாடநூல்களும் தம் பங்குக்கு வந்தன. 2018-ல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூல் ஓபன் ஆபிஸின் ரைட்டர், கால்க், இம்ப்ரஸ் மூன்றையும் கற்பித்தது. அடுத்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல், பக்க வடிவமைப்பு என்று வந்ததும் அடோபி பேஜ்மேக்கருக்குத் திரும்பிவிட்டது. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-ல் வெளியானது. அந்த நூலைப் படித்த மாணவரில் பலர் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன மென்பொருள் அது. பாடம் எழுதியவர்களை மட்டும் இதில் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்க்ரைபஸைக் கற்பிக்கலாம் என்று அவர்கள் நினைத்திருந்தாலும், எடுத்தாளத் தமிழில் என்ன இருந்தது?

இந்த முயற்சிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு சாய்வு தெரிகிறது. கணியம் போன்றவை பெரும்பாலும் கணினித் துறை வேலைக்குத் தயாராகும் இளைஞரை மனத்தில் வைத்தன. குரல் பாடங்கள் கல்லூரி மாணவரையும் பாடநூல்கள் தேர்வையும் நோக்கின. நிரலாளர் ஆகப் போகாத, ஆனால் நாள் முழுவதும் மென்பொருளிலேயே பிழைக்கும் தொழிலாளி எந்த ஆவணத்தின் வாசகராகவும் இல்லை. அச்சகம், தையலகம், ஒளிப்படக் கூடம், லேத் பட்டறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அச்சக மேசையின் கேள்விகள்

ஒரு லேபிள் வேலையை எடுத்துக்கொள்வோம். வடிவமைப்பது எளிது. இன்க்ஸ்கேப்பில் படம் வரையலாம், எழுத்தை வளைக்கலாம், வண்ணம் ஏற்றலாம். பிளேட்டுக்குப் போகும்போதுதான் சிக்கல்கள் முளைக்கும்.

முதல் சிக்கல் வண்ணம். இன்க்ஸ்கேப் அடிப்படையில் திரைக்கான சிவப்பு, பச்சை, நீல நிறங்களில் வேலை செய்வது. ஆப்செட்டுக்குச் சயான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என நான்கு பிளேட் வேண்டும். அதனால் இன்க்ஸ்கேப்பில் வரைந்ததை ஸ்க்ரைபஸுக்குள் கொண்டுபோய், அங்கிருந்து அச்சுக்கான பி.டி.எஃப். எடுப்பதே பலர் கையாளும் வழி. அப்படிச் செய்யும்போது கறுப்பு எழுத்தைக் கவனிக்காமல் விட்டால், அது நான்கு நிறத்தின் கலவையாகப் பிரிந்து நான்கு பிளேட்டிலும் போய் உட்காரும். எந்திரத்தில் நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை தவறினாலும் சின்ன எழுத்துகளின் ஓரத்தில் வண்ண நிழல் படியும். பெட்டியில் எச்சரிக்கை வரிகள் அச்சாவதே அந்தச் சின்ன எழுத்தில்தான். ஸ்க்ரைபஸின் வண்ணப் பட்டியலில் அந்தக் கறுப்பைத் தனிக் கறுப்பாக மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இது ஒரு பத்தியில் சொல்லிவிடக்கூடிய விஷயம். அந்தப் பத்தி தமிழில் இருந்தால் ஒரு நாள் தாள் வீணாகாது.

இரண்டாவது, வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய கோரல்டிரா கோப்பு. அதன் கோப்பு வடிவத்தின் உள்ளமைப்பு வெளியிடப்படவில்லை. தன்னார்வலர்கள் கோப்புகளை ஒவ்வொரு பைட்டாகப் பிரித்துப் பார்த்து 'லிப்சிடிஆர்' என்ற நூலகத்தை உருவாக்கினார்கள். இன்க்ஸ்கேப்பும் ஸ்க்ரைபஸும் லிப்ரே ஆபிஸும் அதன் துணையால்தான் அக்கோப்புகளைத் திறக்கின்றன. 2014-ல் தொடங்கிய ஆவண விடுதலைத் திட்டம் இப்பணியை இன்னும் பல வடிவங்களுக்கு விரித்தது. எது ஒழுங்காகத் திறக்கும், எது சிதையும், சிதைந்ததை எப்படித் தேற்றுவது என்று சொல்ல, நூறு கோப்புகளைத் திறந்து பார்த்த அச்சகத்தாரைவிடத் தகுதியானவர் யார்?

மூன்றாவது, எழுத்துரு. 1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தாம், தாப் குறியாக்கங்களைத் தமிழக அரசு ஏற்றது. 2010 கோவைச் செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடுக்கும் அனைத்து எழுத்துக் குறியாக்கமான டேஸ்-16-க்கும் மாறியது. ஆனால் அச்சுலகத்தில் சேர்ந்து கிடக்கும் பழைய வேலைகள் வெவ்வேறு எழுத்துருக் குறியாக்கங்களில் உறைந்திருக்கின்றன. யூனிகோடு தெரியும் மென்பொருளில் அவற்றைத் திறந்தால் பொருளற்ற எழுத்துகள்தான் வரும். முத்து அண்ணாமலை முன்னெடுத்த 'ஓப்பன் தமிழ்' நிரல் தொகுப்பில் பழைய குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றும் கருவி உண்டு. ஆனால் அது நிரலாளருக்கான தொகுப்பு. கட்டளை வரியைப் பார்த்திராத ஒருவர் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் இடையில் ஒருவர் எழுதித் தர வேண்டும்.

நான்காவது சிக்கல், ஆவணம் பழசாகிப்போவது. ஸ்க்ரைபஸின் பழைய 1.4 பதிப்புகள் தமிழை ஒழுங்காகக் கோக்கவில்லை. 'கெ' என்று எழுதினால் கொம்பு மெய்யின் முன்னால் வராமல் பின்னால் நின்றது. 2017-ல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில் புதிய எழுத்துக்கோப்பு முறை இணைந்ததும் தமிழ் நேரானது. அரபு எழுத்து தேவைப்பட்ட ஓமன் நாட்டு நிரலாளர்கள் முன்னின்று செய்த பணி அது. ஆனால் அந்த வசதியோடு நிலைப்பதிப்பு 1.6 வெளிவந்தது 2024 ஜனவரியில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில் நிலைப்பதிப்பை மட்டும் நிறுவிப் பார்த்த தமிழர் எவரும், இது நமக்கு உதவாது என்று மூடிவைத்திருப்பார். சோதனைப் பதிப்பை எடுங்கள், தமிழ் வரும் என்று ஒரு வரி சரியான இடத்தில் இருந்திருந்தால் அந்த முடிவு மாறியிருக்கும். மென்பொருளின் குறை நீங்கிவிட்டது. குறை நீங்கியதைச் சொல்லும் வரி வரவில்லை.

பக்கத்து மாநிலத்தில்

இது நடக்கக்கூடியதா என்ற கேள்விக்குக் கேரளத்தில் விடை இருக்கிறது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மலையாள நாளிதழான 'ஜனயுகம்' 2019-ல் தன் பக்க வடிவமைப்பை முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. பேஜ்மேக்கரும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும் இருந்த இடத்தில் ஸ்க்ரைபஸ், கிம்ப், இன்க்ஸ்கேப் வந்தன. குபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு நாளிதழுக்கென்றே ஒரு லினக்ஸ் வெளியீடு தயாரானது. மேலே சொன்ன ஓமன் நிரலாளர்களின் பணி இல்லாமல் மலையாளமும் ஸ்க்ரைபஸில் நேராக நின்றிருக்காது.

அங்கே மாற்றம் நிலைபெற்றதற்கு மென்பொருள் மட்டும் காரணமில்லை. 2002-லிருந்து செயல்படும் சுதந்திர மலையாளக் கணினியம் போன்ற தன்னார்வ அமைப்புகள் எழுத்துருக்களைத் தயாராக வைத்திருந்தன. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. நாளை காலை பத்திரிகை வெளிவந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் எழும் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்ல ஆள் இருந்தார்கள். ஒரு நாளிதழ் என்பது ஒரே நிர்வாகம், ஒரே முடிவு. சிவகாசி வட்டாரத்திலோ சிறிதும் பெரிதுமான அச்சகங்கள் தனித்தனியாக முடிவெடுப்பவை. ஒவ்வொரு கூடத்துக்கும் பயிற்சியாளரை அனுப்ப முடியாது. பரவிக் கிடக்கும் தொழிலுக்கு எழுத்தாவணம் இன்னும் அதிகம் தேவைப்படுகிறது.

தொண்டு எப்படி நடக்கும்

கையேடு ஆங்கிலத்தில் பிறந்து தமிழுக்கு வர வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. இன்க்ஸ்கேப் திட்டம் இன்று தொடக்கநிலைப் பயனர்களுக்குத் தரும் வழிகாட்டி, பிரெஞ்சு மொழியில் எலிசா டி காஸ்ட்ரோ குவெராவும் பிரெஞ்சு 'ஃப்ளாஸ் மேனுவல்ஸ்' குழுவினரும் எழுதியதிலிருந்து வளர்ந்தது. ஆங்கிலம் அங்கே இரண்டாவதாக வந்தது. தமிழ் லேபிள் வேலைக்கென்று எழுதப்படும் நல்ல கையேடு, நாளை வங்கத்துக்கும் மலையாளத்துக்கும் பெயரலாம்.

ஆனால் தொண்டு என்று சொல்லும்போது யாருடைய நேரம் என்று கேட்டாக வேண்டும். ஜாப் கணக்கில் வேலை பார்ப்பவருக்கு ஓர் இரவு என்பது ஒரு கூலி. தொழிலுக்கும் ஒரு பருவம் இருக்கிறது: ஆடிப்பெருக்கு அன்று புது ஆண்டு நாள்காட்டிகளின் ஆல்பம் வெளியானால், அதன் பிறகு ஆர்டரும் அச்சும் பொங்கல் வரை ஓயாது, இடையில் தீபாவளிக்கான பெட்டி வேலை. எழுத்துப் பணியைத் தை பிறந்த பிறகுதான் திட்டமிட முடியும். நிரல் எழுதுவோர் பழகிய கிட் போன்ற கருவிகளைக் கற்றுக்கொண்டு வா என்று தொழிலாளியிடம் கேட்பதும் நியாயமில்லை.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். தொழிலாளி தன் கணினியில் ஒரு ஜாப்பைச் செய்துகொண்டே வாய்விட்டுச் சொல்லட்டும். சிவகாசி வட்டாரத்தில் 1984-ல் தொடங்கிய மெப்கோ உட்படப் பல பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் மாணவர் ஒருவர் அதைக் கேட்டு எழுதி, திரைப் படங்களோடு ஒழுங்குபடுத்தித் திட்டத்தின் களஞ்சியத்தில் சேர்க்கட்டும். மூன்றாவதாக, மென்பொருளே தெரியாத ஒருவர் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு வேலையை முடிக்கப் பார்க்கட்டும். ஸ்போக்கன் டுடோரியல் தன் பாட உரைகளை இப்படிப் புதியவர் ஒருவரிடம் கொடுத்துச் சோதித்த பிறகே பதிவுசெய்யும் வழக்கம் உடையது. அந்த மூன்றாமவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ அங்கேதான் கையேட்டில் ஒரு வரி குறைகிறது. இந்தப் பணிக்குக் கூலி கொடுப்பதிலும் தவறில்லை. 2019-ல் கூகுள் தொடங்கிய 'சீசன் ஆஃப் டாக்ஸ்' திட்டம், திறமூலத் திட்டங்களுக்கு ஆவணம் எழுதுவோருக்குப் பணம் கொடுத்தே எழுதவைத்தது. உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்த நினைக்கும் அச்சக உரிமையாளர் ஒருவர், அதில் ஒரு பகுதியைக் கையேட்டுக்குத் தரலாம்.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்ட பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிற ஆங்கிலக் கையேட்டை அது நொடியில் தமிழாக்கும் என்பது உண்மைதான். ஆனால் பழைய எழுத்துருவில் வந்த நாள்காட்டியை நான்கு பிளேட்டுக்குப் பிரிக்கும் அத்தியாயம் ஆங்கிலக் கையேட்டில் இல்லை. இல்லாத அத்தியாயத்தை எந்தக் கருவியும் மொழிபெயர்க்காது. ஒருவர் செய்து பார்த்து எழுதிய பிறகே அது எல்லா மொழிக்கும் போகும்.

பராமரிப்பு இன்னொரு கவலை. பதிப்பெண்ணும் சோதித்த நாளும் மேலே இல்லாத கையேடு, ஸ்க்ரைபஸ் விஷயத்தில் நடந்ததுபோல, சில ஆண்டுகளில் தவறான வழிகாட்டியாகிவிடும். ஒவ்வொரு கையேட்டுக்கும் பொறுப்பாளர் ஒருவர், ஆண்டுக்கொரு முறை தையில் மறுசோதனை என்று வைத்துக்கொண்டால் போதும். திருத்தவும் பகிரவும் இடம் தரும் உரிமத்தில் வெளியிட்டால், பொறுப்பாளர் விலகினாலும் அடுத்தவர் தொடரலாம்.

தொடக்கத்துக்குப் பெரிய நூல் தேவையில்லை. ஐந்து சிறு கையேடுகள் போதும்: நான்கு வண்ண லேபிளை வரைவதிலிருந்து பிளேட் வரை கொண்டுபோவது, பழைய கோரல்டிரா கோப்பைத் திறந்து சிதைவைத் தேற்றுவது, பழைய எழுத்துருவை யூனிகோடாக்குவது, அட்டையை வடிவாக வெட்டும் டை கட்டிங்குக்கான கோட்டைத் தனி அடுக்கில் வைப்பது, அச்சுக்கு அனுப்பும் முன் சரிபார்க்கும் பட்டியல். ஒவ்வொன்றின் வெற்றிக்கும் ஒரே அளவுகோல், மேசைக்குப் புதிதாக வந்த ஒருவர் யாரையும் கேட்காமல் அந்த வேலையை முடிக்கிறாரா என்பது. அந்தச் சோதனையில் தேறும் கையேடு கைக்கு வராதவரை, மென்பொருளை மாற்றுங்கள் என்று எந்த அச்சகத்தையும் கேட்பது வெறும் அறிவுரை. கட்டற்ற மென்பொருளைப் பரப்ப விரும்புகிறவர்கள் முதலில் எழுத வேண்டியது இந்த ஐந்தையும்தான். பிரச்சாரம் அதற்கு அப்புறம்.